அப்பாவை உட்கார வைக்க ஒரு டிவி

எதிர் வீட்டு டிவி செத்துப்போன மறுநாளிலிருந்து பங்க்சர் ஒட்டுகிற வேலையோடு காவல்காரன் வேலையும் என் தலையில் விழுந்தது. சம்பளமில்லாத காவல். அவர்கள் வாசலுக்கு நேர் எதிரே கடை போட்டது என் தப்பு. காலையில் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருக்கிறேன், தையல்காரி வந்து நிற்கிறாள், கழுத்தில் அளவு டேப் தொங்க.

"அண்ணே, அப்பா வெளிய வந்தா ஒரு சத்தம் குடுங்க. மிஷின் ஓடறப்போ எனக்கு ஒண்ணும் காதுல விழாது."

"ஏன், டிவி பாக்கலையா அவரு?"

"அதுதான் போயிடுச்சே. படக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். மெக்கானிக் தெறந்து பாத்தாரு. இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்லம்மான்னு மூடிட்டுப் போயிட்டாரு."

"சரி, நீ போய் வேலையைப் பாரு. நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது தெரியாது.

அவள் அப்பாவைத் தெருவில் எல்லாரும் வாஷர் என்றுதான் சொல்வோம். குழாய் ரிப்பேர்க்காரர். சட்டைப் பையில் எந்நேரமும் ரப்பர் வாஷர் கிடக்கும். கடையில் சில்லறை எடுக்கக் கை விட்டாரென்றால் முதலில் வருவது வாஷராகத்தான் இருக்கும். "இதை வச்சுக்கிட்டு டீ குடுப்பியா?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்பார். கை சுத்தம், வாய் சுத்தம். வேலைக்குப் போகிற வீட்டில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். டீ கொடுத்தால், வேலை முடியட்டும் என்பார். முடிந்ததும் நின்றுகொண்டே குடிப்பார், தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஏன் இப்படி என்று நான் ஒருமுறை கேட்டேன். "அடுத்தவங்க வீட்ல குழாய் சொட்டற வரைக்கும்தான்யா நமக்கு வேலை. நின்னதுக்கப்புறம் நாம எதுக்கு?" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு நினைவு நழுவ ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின. அப்புறம் சாப்பிட்டது போயிற்று. சாப்பிட்டுக் கை கழுவி வந்த ஈரம் காயுமுன்னே, "பாப்பா, இன்னிக்கு சமைக்கலையா?" என்பார். அவளும் இன்னொரு கரண்டி சோறு போடுவாள். டாக்டரிடம் காட்டினார்கள், மாத்திரை தந்தார், இது திரும்பாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது சுலபம். மகள் வீட்டிலேயே துணி தைக்கிறவள், மருமகன் பேக்கரியில் அடுப்படியில் நிற்கிறவன். யார் பார்த்துக்கொள்வது?

அந்தப் பழைய டிவிதான் பார்த்துக்கொண்டது. முதுகு புடைத்த பெட்டி, வாங்கி எத்தனை வருஷமோ. அதன் எதிரே ஒயர் நாற்காலியில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாரென்றால் சாயங்காலம் வரை அசைய மாட்டார். செய்தியோ சமையலோ எது ஓடினாலும் அவருக்கு ஒன்றுதான். கோடு விழுந்தால் எழுந்து பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி உட்கார்வார். செய்தி படிக்கிற பெண்ணுக்கு இருமல் வந்தால், "வெந்நீர் குடிம்மா" என்பார். மகள் மிஷினை மிதித்துக்கொண்டே சிரிப்பாள். அந்தச் சத்தமெல்லாம் என் கடை வரைக்கும் கேட்கும்.

பெட்டி போனதும் அவருக்கு வேலைக்குப் போகிற ஞாபகம் வந்துவிட்டது. ஸ்பேனர் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். முதல் தடவை நான் தெருமுனையில் மடக்கினேன். "வாஷரு, எங்க கெளம்பிட்டே?" என்றேன். "கூப்புட்டிருக்காங்கய்யா, போகாம இருந்தா நல்லா இருக்காது," என்றார். யார் கூப்பிட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கடையில் வால்வு ஒழுகுது, வந்து பார் என்று பொய் சொல்லித் திருப்பிக் கூட்டி வந்தேன்.

இரண்டாவது தடவை என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டார். ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. அன்றைக்கு நல்ல மழை. தையல்காரி தலையில் துணியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் ஓட, நான் சைக்கிளில் ஒரு பக்கம் போக, கடைசியில் எங்கோ பல தெரு தள்ளி முன்பின் தெரியாத வீட்டில், சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரன் தடியோடு நிற்கிறான். நல்லவேளை, அடிக்கவில்லை. அவள் அவன் காலில் விழாத குறை.

இந்தச் சேதி வெளியூரில் இருக்கிற அவள் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. நல்லவன்தான், மாசா மாசம் மருந்துக்கு அனுப்புகிறவன். போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினாள், நானும் கேட்டேன்.

"நான் ஒரு முதியோர் இல்லத்துல பேசி வச்சிட்டேன். சுத்தமா இருக்கு, ஆள் இருக்காங்க, கேட் இருக்கு. இன்னொரு தடவை அவரு தனியா வெளிய போனா நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அடிபட்டுக் கெடந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் பாத்துக்கறேண்ணா."

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. போனை வைத்துவிட்டு ஊசியில் நூல் கோர்க்க உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வேறு, யூனிஃபார்ம் துணி மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது. ஒரு சட்டைக்குக் காலர் வைப்பதற்குள் நாலு தடவை எழுந்து வாசலைப் பார்த்தால் எப்போது முடிப்பாள்?

"கதவைப் பூட்டிட்டுத் தையேன்மா. கொஞ்ச நேரம்தானே," என்றேன்.

"பூட்டிப் பாத்தேன் அண்ணே. தட்டித் தட்டிப் பாத்துட்டு, பையைத் தெறந்து எல்லாத்தையும் தரையில கொட்டிட்டாரு. பாருங்க, நான் எதையும் எடுக்கல, என்னை ஏன் பூட்டறீங்கன்னு அழுவுறாரு. வேலை செய்யற வீட்ல திருட்டுப் பட்டம் கட்டிட்டாங்கன்னு நெனச்சுட்டாரு." ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "எங்கப்பாண்ணே அவரு. இனிமே பூட்ட மாட்டேன்."



ஆகமொத்தம், ஒரு டிவி வாங்கியாக வேண்டும். டிவி ஓடினால் அப்பா உட்காருவார், அப்பா உட்கார்ந்தால் அண்ணன் வரமாட்டான். கணக்கு அவ்வளவுதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொஞ்சம் பணம் தேற்றினாள். பேக்கரி மாப்பிள்ளை முதலாளியிடம் தலையைச் சொறிந்து முன்பணம் வாங்கி வந்தான். கடைக்குக் கிளம்பும்போது என்னையும் கூப்பிட்டார்கள். போன வருஷம் நான் டிவி வாங்கினேனாம், அதனால் எனக்கு டிவி பற்றித் தெரியுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரிமோட்டில் சிவப்பு பட்டனை அமுக்கினால் எரியும் என்பதுதான். இருந்தாலும் பெரிய மனுஷ தோரணையில் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். வாஷரையும் கூட்டிக்கொண்டு போனோம். யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

கடைக்குள் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்துகிறது. விற்பனைப் பையன் சிரித்துக்கொண்டே வந்தான். "எவ்ளோ பட்ஜெட் சார்?" என்று பேக்கரி மாப்பிள்ளையைக் கேட்டான். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தொகையைச் சொன்னாள். பையனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனால் மரியாதை குறையவில்லை. அதற்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று எனக்கு.

"அந்த ரேஞ்சுல முப்பத்திரெண்டு இஞ்ச் நல்லா வரும் மேடம்."

"எங்களுக்கும் முப்பத்திரெண்டுதான் வேணும். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவுல எடம் முப்பத்தாறு. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இஞ்ச் விட்டுட்டேன்," என்றாள். தையல்காரி இல்லையா, தையலுக்கு விடுகிற மாதிரி சுவருக்கும் விட்டிருக்கிறாள்.

அவன் காட்டின டிவியில் கழுத்து டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தாள். பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"தம்பி, இது இருபத்தெட்டுதான் இருக்கு. நாலு இஞ்ச் எங்க போச்சு?"

"இல்ல மேடம், டிவியை மூலைக்கு மூலைதான் அளக்கணும்."

"மூலைக்கு மூலை யாருப்பா அளப்பாங்க? அப்படி அளந்து சட்டை தச்சா எவனுக்கு சேரும்?"

பக்கத்தில் நின்ற இன்னொரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. பேக்கரி மாப்பிள்ளை அசடு வழிந்தான். நான் நடுவில் புகுந்து, "ஆமாம்மா, உலகம் பூரா அப்படித்தான்," என்று சொல்லி என் நிபுணத்துவத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அவள் நம்பவில்லை. பையன் பொறுமையாக ஒவ்வொன்றாக அளந்து காட்டினான். நாற்பது என்று எழுதியிருந்தது குறுக்கே முப்பத்தைந்து வந்தது.

"இது கச்சிதமா உக்காரும்," என்றான் பேக்கரி மாப்பிள்ளை. வந்ததிலிருந்தே அவன் கண் அதன் மேல்தான். "மாமாவுக்குக் கண்ணும் மங்கல். மொகம் பெருசா தெரிஞ்சா இன்னும் நல்லா பாப்பாரு."

"கையைக் கடிக்குமே."

"கடிக்கட்டும். கூடுதலா ரெண்டு ஷிப்ட் அடுப்புல நிக்கறேன். தினம் தினம் நீ வாசலுக்கும் மிஷினுக்கும் ஓடறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அந்த நாற்பது இஞ்ச் முன்னாலேயே நின்று மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை. பையன் ஸ்டூல் கொண்டு வந்து போட்டான். "உக்காருங்க தாத்தா."

"இருக்கட்டும் தம்பி, வேலை முடியட்டும்," என்றார் வாஷர்.

"பிடிச்சிருக்கு, பாத்தியா?" என்றான் மருமகன். எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் பட்டது.

பழசைக் கொடுத்தால் கொஞ்சம் கழித்துக்கொள்வோம் என்றார்கள். செத்துப்போனதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று கொடுக்கச் சம்மதித்தார்கள். சாயங்காலமே வேனில் ஆள் வந்து புதுசை இறக்கி, பழைய பெட்டியை ஏற்றிக்கொண்டு போனான். அதைத் தூக்க நானும் ஒரு கை பிடித்தேன். என்ன கனம்.

சுவரில் துளை போட்டு மாட்டுகிற வரை வாஷரை என் கடையில் உட்கார வைத்திருந்தேன். ஒரு பழைய ட்யூபைக் கொடுத்தேன், ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். உள்ளே தடபுடல். பெட்டி இருந்த மர ஸ்டாண்டை எடுத்துப் பின்பக்கம் போட்டார்கள். அதற்குக் கீழே வருஷக் கணக்காகக் கிடந்த தூசியைக் கூட்டித் துடைத்தார்கள். துணி மூட்டைகளை மூலைக்குத் தள்ளி, மேலே விரிப்புப் போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று டிவிக்காரன் சொன்னானாம். ஒயர் நாற்காலி எதிர்ச்சுவருக்குப் போயிற்று. பேக்கரியிலிருந்து சுடச்சுட ரொட்டி கொண்டு வந்திருந்தான் மாப்பிள்ளை. வீடே புதுசாக இருந்தது, சும்மா சொல்லக் கூடாது.

"அண்ணே, அப்பாவைக் கூட்டிட்டு வாங்க," என்று வாசலில் வந்து கூப்பிட்டாள். அப்படிச் சிரித்து அவளைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

கூட்டிக்கொண்டு போனேன், ஸ்பேனர் பை அவர் தோளில்தான் இருந்தது. வாஷர் வாசற்படியில் நின்றார். உள்ளே பார்த்தார். சுவரில் செய்தி படிக்கிற பெண் நம் தலை அளவுக்குத் தெரிகிறாள். செருப்பைக் கழற்றி, முனை தெருப் பக்கம் பார்க்கிற மாதிரி ஓரமாக வைத்தார். காலை மிதியடியில் இரண்டு தடவை துடைத்தார். அப்புறம் சுவர் ஓரமாகவே நடந்து குளியலறைக் கதவுப் பக்கம் போய், தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"மாமா, அங்க ஏன்? உங்க நாற்காலி இங்க இருக்கு பாருங்க," என்றான் மருமகன்.

"பரவால்ல சார்."

மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"புதுசு இல்லையா, கூச்சமா இருக்கும்," என்றேன் நான். எனக்கே அது சரியாகப் படவில்லை.

கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். பார்த்தார் என்றா சொல்வது, வேறு யார் வீட்டிலோ ஓடுகிறதை நாகரிகத்துக்குப் பார்க்கிற மாதிரி பார்த்தார். செய்தி படிக்கிறவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தையல்காரி டீயும் ரொட்டியும் கொண்டு வந்து நீட்டினாள்.

"வேலை முடியட்டும் மேடம். எந்தக் குழாய்?"

அவள் தட்டோடு நின்றாள். "அப்பா, நான் பாப்பா. இது நம்ம வீடுப்பா."

அவர் கேட்காத மாதிரி எழுந்து குளியலறைக்குள் போனார். ஸ்பேனர் சத்தம் கேட்டது. அந்தக் குழாயில் ஒரு கோளாறும் கிடையாது. அவர் இருக்கிற வீட்டில் குழாய் எப்படி ஒழுகும்? கழற்றி மறுபடி மாட்டிவிட்டு, சட்டைக் கை நனைந்து வெளியே வந்தார்.

"முடிஞ்சுது மேடம். இனிமே சொட்டாது."

நின்றுகொண்டே டீயைக் குடித்தார். தம்ளரைக் கழுவினார், கவிழ்த்தார். பையைத் தோளில் போட்டார். தையல்காரி ஓடிப் போய் வாசலை மறித்துக்கொண்டாள்.

"எங்கப்பா போறீங்க? டிவி பாக்கலாம்ப்பா. உங்களுக்காகத்தான் வாங்கினோம்."

"நல்ல டிவி மேடம். நல்லா இருக்கு," என்று சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். "நமக்கெல்லாம் கட்டுப்படியாவாது. எங்க வீட்ல ஒண்ணு கெடக்கு, தலையில தட்டினாத்தான் ஓடும்."

"அப்பா."

"வழி விடுங்க மேடம். பொண்ணு காத்துக்கிட்டிருப்பா. தையல் வேலை பாக்கறா. நான் போய்ச் சேர்ற வரைக்கும் சாப்பிட மாட்டா, தெருவுல வந்து நிப்பா."

அவள் வழி விடவில்லை. விட்டால் அண்ணன் வந்துவிடுவான். இரண்டு கையாலும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அப்புறம் மெள்ளக் குனிந்து, தோளிலிருந்த பையை இறக்கி, அதன் வாயைத் திறந்தார்.

"பாத்துக்குங்க மேடம். என் சாமான் மட்டும்தான். உங்க வீட்ல ஒரு துரும்பைக் கூட நான் எடுக்கல."

அந்த இடத்தில் நான் திரும்பிக்கொண்டேன். எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறது. பேக்கரி மாப்பிள்ளை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதை அமுக்குவது என்று தெரியாமல் டிவி முன்னால் நின்றான். எவ்வளவு ஆசையாக வாங்கினான். அந்தப் பெரிய சாமானை மாட்டின நிமிஷத்திலிருந்து அது அவர் வீடாக இல்லாமல் போய்விட்டது. படித்தவன் யாராவது இதை முன்கூட்டிச் சொல்லியிருப்பானா, எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தோன்றவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவள் கையை எடுத்துவிட்டிருந்தாள். பை வாயை அவளே மூடி, அவர் தோளில் மாட்டிவிட்டாள். "சரிங்க, போயிட்டு வாங்க," என்றாள். சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் படியிறங்கி வெறுங்காலோடு தெருவுக்குப் போனாள். என் கடைப் பக்கமாக நின்று முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துக் காத்திருக்கிறவள் மாதிரி நின்றாள்.

வாஷர் நிதானமாகச் செருப்பை மாட்டினார். படியிறங்கினார். நிமிர்ந்தார்.

"பாப்பா," என்றார். "பொழுது சாயற நேரத்துல ஏன் தெருவுல நிக்கறே? நான்தான் வந்துக்கிட்டே இருக்கேனே."

அவள் முந்தானையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "உங்களைத்தான்ப்பா பாத்துக்கிட்டிருந்தேன். வாங்க, உள்ள போகலாம்."

அவர் திரும்பி வீட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது வேலை வீடு பாப்பா. நல்ல மனுஷங்க, டீ குடுத்தாங்க. வேலை முடிஞ்சுது, இனிமே அங்க நமக்கென்ன? வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

கையைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி, விரல்களை அல்ல, மணிக்கட்டைப் பிடித்தார். அவள் வாசலில் நின்ற எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். அவரோடு நடந்தாள்.

அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும். அண்ணன்காரன். பேக்கரி மாப்பிள்ளை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்பிள்ளை, டிவி மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு மச்சான்."

"அப்பா உக்காந்துட்டாரா? அவர்கிட்ட போனைக் குடுங்களேன்."

"இப்பதான் கெளம்பினாரு."

"கெளம்பிட்டாரா? நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? நாளைக்கே வர்றேன் நான், இதுக்கு மேல..."

"தனியாப் போகல மச்சான்," என்றான். "தனியாப் போனாத்தானே வர்றேன்னு சொன்னீங்க. உங்க தங்கச்சியும் கூடப் போறா."

"எங்க போறாங்க?"

அவன் தெருமுனையைப் பார்த்தான். அவர் பையும் அவள் கழுத்து டேப்பும் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தன.

"வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்கு?" என்று போன் கேட்டது.

பேக்கரி மாப்பிள்ளை போனை என் கையில் திணித்தான். உள்ளே போய் அவளுடைய செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல், அவர்களுக்குப் பின்னால் ஓடினான்.